விளையாட்டின் நடுவே தானாக அணைந்து எழும் கணினி: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: வைகைக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு மாதமாகத் தீராத தலைவலி ஒன்றை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். பாதி விவரத்தைச் சொல்லிவிட்டு மீதியை நீங்கள் கேட்டுக் கேட்டுப் பெறும்படி வைக்கக் கூடாது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிய கணினி இது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 3200 வேகம் கொண்ட 8 ஜிபி ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி). இத்தனை ஆண்டுகளும் ஒரு குறையும் வைக்காமல் ஓடியது. சென்ற மாதம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பயாஸை (போர்டிலேயே பதிந்துள்ள தொடக்க மென்பொருளை) முறையாகப் புதுப்பித்து ரைசன் 5 5600 போட்டேன். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3070 ஒன்றை வாங்கினேன். இரண்டு ராம் இடங்கள் காலியாகத்தானே இருக்கின்றன என்று இன்னும் இரண்டு 8 ஜிபி ராம்களையும் செருகினேன். புதிய ராம்களும் 3200 வேகத்தவைதாம்; நிறுவனம் மட்டும் வேறு. இவையெல்லாம் ஒரே வார இறுதியில் நடந்தன. அதுவே நான் செய்த பிழையோ என்று இப்போது தோன்றுகிறது.

அன்று முதல் கணினி விழுந்துகொண்டே இருக்கிறது. சைபர்பங்க் 2077 விளையாடும்போது திரை கறுத்து, எந்தச் செய்தியும் இல்லாமல் கணினி அணைந்து மீண்டும் எழுகிறது. வேலரண்டில் ஆட்டத்தின் நடுவே அல்ல, தொடக்கப் பட்டியல் திரையில் நிற்கும்போதே இப்படி ஆகிறது. ஆடாமல் நிற்கும்போது ஏன் விழ வேண்டும் என்பது எனக்குப் புரியவே இல்லை. இருமுறை அணைந்த பிறகு பவர் பட்டனை எவ்வளவு அழுத்தியும் எழவில்லை. சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பத்து எண்ணிவிட்டு மறுபடி போட்ட பிறகுதான் உயிர் வந்தது. எல்டன் ரிங்கில் நிலைமை வேறு. அதில் கணினி ஒருமுறை கூட அணைந்ததில்லை. அரைமணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை விளையாட்டு மட்டும் மூடிக்கொள்கிறது, சில நாள்களில் விண்டோஸ் நின்றுபோய்ப் பிழைச்செய்தி காட்டும் நீலத்திரை வருகிறது. நீலத்திரையில் ஒருமுறை மெமரி மேனேஜ்மென்ட் என்று இருந்தது. மற்றொரு முறை வேறு ஏதோ பெயர்.

இதுவரை நான் செய்தவை: விண்டோஸை இருமுறை புதிதாகப் பதித்தேன். டிடியூ என்ற நீக்கும் மென்பொருளைக் கொண்டு கிராபிக்ஸ் டிரைவரை வேரோடு நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். விளையாடும்போது கார்டின் வெப்பம் 68 டிகிரியைத் தாண்டவில்லை. எங்கள் ஊரில் கணினி பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பழைய மதர்போர்டு புதிய பிராசசரைத் தாங்கவில்லை, போர்டை மாற்றுவதுதான் வழி என்றார். போர்டை மாற்றினால் இந்தத் தொல்லை தீருமா? தீரும் என்றால் செலவு செய்துவிடலாம். ஆனால் போட்ட பிறகும் தீராவிட்டால் அந்தப் பணம் வீண்.

இன்னொன்று: கணினி இருக்கும் அறைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு உண்டு. கேபினெட்டின் பின்புறத் தகட்டை வெறுங்காலோடு தொட்டால் இலேசாகச் சுள்ளென்கிறது. இது முன்பிருந்தே உள்ளது; இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியாததால் குறிப்பிடுகிறேன்.

பதில் 1: குளிர்காற்று

வெப்பம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கார்டின் வெப்பத்தைப் பார்த்தீர்கள். பிராசசரின் வெப்பத்தைப் பார்த்தீர்களா? 5600 மாட்டும்போது, பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக இட்டீர்களா, கூலரின் நான்கு திருகுகளும் ஒரே அளவு இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய கேபினெட்டுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேசை விசிறியை நேராகத் திருப்பி ஒருநாள் விளையாடிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் விண்டோஸை இன்னொரு முறை, இம்முறை வேறு எஸ்எஸ்டியில், பதித்துப் பாருங்கள்.

பதில் 2: சாலிடர்மேசை

போர்டை வாங்க வேண்டாம். இன்னும் எதையுமே வாங்க வேண்டாம். பேஸ்ட் பற்றி மேலே நண்பர் சொன்னதைச் சரிபார்ப்பதில் தவறில்லை. ஆனால் இக்காலப் பிராசசர்களும் கார்டுகளும் சூடேறினால் முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கித் திணறும். திக்கலே இல்லாமல் பளிச்சென்று அணைவது வெப்பத்தின் வழக்கமான நடை அல்ல. விண்டோஸை மறுபடி பதிப்பது பற்றி மட்டும் கடுமையாகவே சொல்கிறேன்: ராம் சந்தேகத்தில் இருக்கும்போது அதைச் செய்யக் கூடாது. பதிக்கும் ஒவ்வொரு கோப்பும் அந்த ராம் வழியாகத்தான் டிஸ்கிற்குப் போகிறது. ராம் பிழை செய்தால் புதிய விண்டோஸ் பிறக்கும்போதே ஊனத்தோடு பிறக்கும்.

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். விடையின் பாதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதை ஒரே நோயின் கதையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இரண்டு நோய்களாகத் தெரிகிறது. சைபர்பங்கில் கணினி அணைகிறது, எல்டன் ரிங்கில் அணையவில்லை என்கிறீர்கள். எல்டன் ரிங் நொடிக்கு 60 பிரேம்களுக்கு (திரையில் வரையும் படங்களுக்கு) மேல் போகாது. விளையாட்டை எழுதியவர்களே அந்த எல்லையை வைத்திருக்கிறார்கள். 1080பி திரையில் அந்த 60ஐத் தர 3070க்கு முழு மூச்சும் தேவையில்லை. சைபர்பங்க் அப்படியல்ல; கார்டில் உள்ள கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். வேலரண்டின் பட்டியல் திரையில் வரைவதற்கு ஒன்றும் இல்லாததால், எல்லை வைக்காவிட்டால் கார்டு நொடிக்குப் பல நூறு பிரேம்களை வரையத் தொடங்கி மின்சாரத்தை ஒரே இழுப்பாக இழுக்கும். ஆடாமல் நிற்கும்போது ஏன் விழுகிறது என்று கேட்டீர்களே, நீங்கள் ஆடவில்லை, கார்டு ஆடிக்கொண்டிருந்தது. சுவர் சுவிட்சை அணைத்துப் போட்ட பிறகே எழுந்தது என்பதும் எஸ்.எம்.பி.எஸ் தன் பாதுகாப்புப் பூட்டைப் போட்டுக்கொண்டதற்கான அடையாளம். ஆகவே அணைந்து எழுவது மின்வழங்கலின் கதை; விளையாட்டு மூடுவதும் நீலத்திரை வருவதும் பெரும்பாலும் ராமின் கதை. ஒரே வார இறுதியில் இரண்டையும் மாற்றியதால் இரண்டு கதைகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இது என் ஊகம் மட்டுமே. உறுதிசெய்யக் காசு செலவில்லாத வழிகள் இருக்கின்றன. முதலில் விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் கெர்னல்-பவர் 41 என்ற வரிகளைத் தேடுங்கள். பலரும் இந்த 41ஐப் பார்த்ததுமே எஸ்.எம்.பி.எஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது, முன்பு விண்டோஸ் முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே. அதன் விவரப் பக்கத்தில் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும். உண்மையான செய்தி அங்கேதான் உள்ளது. அது 0 என்றால் நீலத்திரை போடக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை, அதாவது பெரும்பாலும் மின்சாரம் திடீரென நின்றது என்று பொருள். 0 அல்லாத எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. ஒரு சிறிய சூட்சுமம் உண்டு: அங்கே எண் பதின்ம முறையில் இருக்கும், நீலத்திரைப் பட்டியல்களிலோ பதினாறின் முறையில் இருக்கும். மெமரி மேனேஜ்மென்ட் பட்டியலில் 1ஏ, பதிவில் 26. பதிவில் 10 என்று இருந்தால் அது ஐஆர்க்யூஎல் என்று தொடங்கும் நீலத்திரை. அதற்கு டிரைவரும் காரணமாகலாம், ராமும் காரணமாகலாம். 292 என்று இருந்தால் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். அது பட்டியலில் 124, வன்பொருளே தெரிவிக்கும் வீயா பிழை. அப்போது பிராசசரையும் போர்டையும் சந்தேகிக்கத் தொடங்கலாம்.

அடுத்து இரண்டு சோதனைகள். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்; செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். முதல் சில நாள்கள் ராமைத் தொடாமல், ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை (மின் உச்சவரம்பை) 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு சைபர்பங்க் விளையாடுங்கள். 220 வாட் கார்டு ஏறத்தாழ 154 வாட்டில் நிற்கும். பிரேம்கள் கொஞ்சம் குறையும், அவ்வளவே. அணைவது நின்றுவிட்டால் மறுபடி 100க்கு ஏற்றி, திரும்ப அணைகிறதா என்றும் பாருங்கள். நின்றதைப் பார்ப்பது பாதிச் சான்றுதான். மீண்டும் வரவழைத்துக் காட்டினால்தான் முழுச் சான்று. பிறகு கார்டை அப்படியே விட்டுவிட்டு, பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அட்டையில் அச்சிட்ட வேகத்துக்கு ஏற்றும் அமைப்பை) அணைத்து, எல்டன் ரிங்கை நீண்ட நேரம் ஓட்டுங்கள். இரவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் பதித்து, நான்கு ராம்களோடு ஒருமுறையும் ஒவ்வொரு இணையாக ஒருமுறையும் நான்கு சுற்றுகள் ஓட விடுங்கள். இதில் ஒன்றிரண்டு பிழைகள் பரவாயில்லை என்ற பேச்சே கிடையாது. ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தேறவில்லை.

வைகைக்கரை

மிக்க நன்றி ஐயா. சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஒன்பது நாள் ஆயிற்று.

41 என்ற பதிவுகள் மொத்தம் 14 இருந்தன. பத்தில் பக்செக்கோட் 0, மூன்றில் 26, ஒன்றில் 10. நீங்கள் சொன்ன 292 ஒன்று கூட இல்லை. தேதிகளை வைத்துப் பார்த்தபோது 0 உள்ள பத்தில் ஒன்பது, நான் சைபர்பங்கோ வேலரண்டோ திறந்திருந்த நாள்களில் விழுந்திருக்கின்றன. மீதி ஒன்று மட்டும் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு கட்டுரை தட்டச்சு செய்துகொண்டிருந்த நேரம். அன்று மின்தடை ஏற்பட்டு இன்வெர்ட்டர் மாறிய நொடி அது என்று இப்போது நினைவுக்கு வருகிறது.

பவர் லிமிட்டை 70 சதவீதத்தில் வைத்து நான்கு மாலைகள் சைபர்பங்க் விளையாடினேன். ஒருமுறை கூட அணையவில்லை. ஐந்தாம் நாள் 100க்கு ஏற்றினேன். சந்தையின் நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் இருபதாவது நிமிடம், டக்கென்ற ஒலியோடு திரை இருண்டு கணினி அணைந்தது. இவ்வளவு மகிழ்ச்சியோடு நான் எந்தக் கணினிப் பழுதையும் பார்த்ததில்லை.

ராம் சோதனையில் எனக்கு எதிர்பாராத முடிவு. பழைய இணையை மட்டும் மாட்டி எக்ஸ்எம்பியோடு நான்கு சுற்று ஓட்டினேன், பிழை 0. புதிய இணையை மட்டும் மாட்டினேன், பிழை 0. நான்கையும் சேர்த்து மாட்டினால் முதல் சுற்று முடியும் முன்பே 23 பிழைகள். எக்ஸ்எம்பியை அணைத்தால் நான்கும் சேர்ந்தே பிழையில்லாமல் ஓடுகின்றன; அந்த நிலையில் எல்டன் ரிங் ஐந்து மணி நேரம் மூடாமல் ஓடியது. எந்த ராமும் கெட்டுப்போகவில்லை, ஆனால் சேர்ந்தால் சண்டையிடுகின்றன என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்ற முடிவு செய்துவிட்டேன். இப்போதுள்ளதும் கேபிள்களைக் கழற்றக்கூடிய வகைதான். கேபினெட்டுக்குள் கேபிள்களை அழகாக இழுத்துக் கட்டியிருக்கிறேன். புதிய பெட்டியை மட்டும் வைத்து, கட்டிய கேபிள்களை அப்படியே அதில் செருகிக்கொள்ளலாமா? கார்டுக்கு இப்போது ஒரே கேபிளில் வரும் இரண்டு தலைகளைப் பயன்படுத்துகிறேன். இதிலும் ஏதேனும் தவறு உண்டா? இன்வெர்ட்டருக்குப் பதிலாக 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கினால் போதுமா?

பதில் 3: மூன்றாம்முனை

மின்சாரம் பற்றிய கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய கேபிள்களைப் புதிய எஸ்.எம்.பி.எஸ்ஸில் செருகக் கூடாது. எந்த நிலையிலும் கூடாது. மதர்போர்டு, கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றின் பக்கம் உள்ள முனைகள்தாம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை. எஸ்.எம்.பி.எஸ் பக்கம் உள்ள முனையில் எந்தத் துளையில் எந்த மின்னழுத்தம் வர வேண்டும் என்பதற்குப் பொது விதியே இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே கூட அது மாறுவதுண்டு. தலை கச்சிதமாகப் பொருந்தும், கிளிக் என்று பூட்டவும் செய்யும். சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய், எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்கும் அந்த நொடியே கருகிவிடக்கூடும். கட்டிய அழகைப் பார்க்காமல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, புதிய பெட்டியோடு வரும் கேபிள்களை மட்டும் போடுங்கள். பழைய கேபிள்களைப் பழைய பெட்டியோடு சேர்த்து ஒரே பையில் கட்டி வையுங்கள்; தனியாகக் கிடந்தால் என்றைக்காவது யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள்.

550 வாட் ஏன் போதவில்லை என்பது நியாயமான கேள்வி. கார்டு 220 வாட், பிராசசர் அதிகபட்சம் 76 வாட், விசிறி, டிஸ்க், போர்டு எல்லாம் சேர்த்து இன்னும் 50 அல்லது 60. கூட்டினால் 360ஐத் தாண்டாது. ஆனால் 220 என்பது சராசரி. அந்தத் தலைமுறைக் கார்டுகள் சுமை மாறும் கணங்களில், சில மில்லிசெகண்டு நேரத்துக்கு அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வரை இழுப்பதுண்டு. அந்தக் கூர்முனையைச் சில எஸ்.எம்.பி.எஸ்கள் பொறுத்துக்கொள்ளும், சில, ஷார்ட் ஆகிவிட்டது என்று எண்ணிப் பூட்டிக்கொள்ளும். உங்களுடையது ஆறு கோடைகளைப் பார்த்தது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களும் அவ்வளவு மூத்தவை. 120 வாட் ஜிடிஎக்ஸ் 1660ஐ வைத்துக்கொண்டு இந்தப் பலவீனம் வெளியே தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 3070க்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட். 2022இல் எஸ்.எம்.பி.எஸ்களுக்கென வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இந்தக் கூர்முனைகளைக் கருதியே எழுதப்பட்டது. அந்த விதிப்படி புதிய 12 வோல்ட் உயர்திறன் இணைப்பான் கொண்ட எஸ்.எம்.பி.எஸ்கள் 100 மைக்ரோசெகண்டு நேரத்துக்குத் தம் அளவின் 200 சதவீதத்தைத் தாங்க வேண்டும். 650இலிருந்து 750 வாட்டுக்குள், முடிந்தால் அந்த விதிக்கு உட்பட்டதாக வாங்குங்கள். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவுகோல். கூர்முனையைத் தாங்குமா என்பதை அது சொல்லாது.

ஒரே கேபிளின் இரண்டு தலைகளைப் பற்றி: 8 முனைத் தலை ஒவ்வொன்றும் 150 வாட்டுக்கு உரியது, கார்டைச் செருகும் ஸ்லாட் 75 வாட் தரும். கணக்குப்படி உங்கள் கார்டுக்கு அது ஓடும். ஆனாலும் இரண்டு தனிக் கேபிள்கள் இருக்கும்போது முழுச் சுமையையும் ஒரே கேபிளில் ஏற்ற வேண்டியதில்லை. இப்போதுள்ள பெட்டியின் டப்பாவிலேயே இன்னொரு கேபிள் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே மாட்டலாம். செலவில்லாத மாற்றம் அது.

இன்வெர்ட்டரில் நீங்கள் எழுதிய அந்த ஒற்றை அணைவு மூன்றாவது காரணம்; மற்ற ஒன்பதோடு அதைச் சேர்க்காதீர்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ் முழுச் சுமையில் மின்சாரம் நின்ற பிறகு சுமார் 16 மில்லிசெகண்டு தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் இருந்தால் மாறிக்கொள்ள அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்புறத்திலோ முன்புறத்திலோ யுபிஎஸ் நிலை என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை மாற்றுங்கள். அது சைன் அலை இன்வெர்ட்டரா, சதுர அலை இன்வெர்ட்டரா என்பதையும் பாருங்கள். சதுர அலை என்றால் புதிய எஸ்.எம்.பி.எஸ் வந்த பிறகும் மின்தடையின்போது தகராறு செய்யலாம், ஏனெனில் இன்று விற்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று சைன் அலையை எதிர்பார்த்து வேலை செய்வது. 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவுதான் தரும். விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால் அதுவே உங்களைக் கைவிடும். 1000 விஏவுக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

சுள்ளென்று இழுப்பது உங்கள் பழுதுக்குக் காரணம் அல்ல, ஆனால் அதுதான் நீங்கள் எழுதியதிலேயே எனக்கு அச்சமூட்டியது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே வடிகட்டியாக உள்ள சிறு கெபாசிட்டர்கள் வழியாக ஒரு துளி மின்சாரம் எப்போதும் கேபினெட் தகட்டுக்கு வந்துகொண்டிருக்கும். எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கால் வழியாகப் போகும். அந்தப் பிளக் பாயின்ட்டின் மூன்றாம் முனையில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய எஸ்.எம்.பி.எஸ் வருவதற்கு முன்பே செய்யுங்கள்.

பதில் 4: இரட்டைத்தடம்

ராம் பற்றிச் சொல்கிறேன். அட்டையில் 3200 என்று அச்சிட்டிருப்பதை அந்த ராமின் இயல்பான வேகம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்எம்பியை அணைத்தால் உங்களுடையவை 2133இலோ 2400இலோ 2666இலோ 1.2 வோல்ட்டில் ஓடும். அதுதான் அவற்றின் பிறவி வேகம். 3200 என்பது 1.35 வோல்ட் கொடுத்து விரட்டிய வேகம். நிறுவனம் அதற்கு உறுதி தருவது அந்த ஒரு பெட்டிக்குள் சேர்ந்து வந்த இரண்டுக்கு மட்டும். இரண்டு பெட்டிகளைச் சேர்த்து யாரும் சோதித்துப் பார்த்து விற்பதில்லை.

பிராசசரின் பக்கமும் ஓர் எல்லை உண்டு. ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிப்பது இரண்டு ராம்களுக்கு 3200. நான்கு இடங்களும் நிரம்பினால் ஒற்றை ரேங்க் (சில்லுகள் ஒரே தொகுதியாக உள்ள) ராம்களுக்கு 2933, இரட்டை ரேங்க் ராம்களுக்கு 2667. இதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம். ஒரே தடத்தில் இரண்டு ராம்கள் தொங்கும்போது மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடி, சமிக்ஞையின் தூய்மை குறைகிறது என்பதே காரணம். உங்களுடையவற்றில் சில்லுகளும் வெவ்வேறாக இருக்கும். சிபியு-இசட் என்ற மென்பொருளில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறந்து நான்கு இடங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு இணை சிஎல் (தாமத எண்) 16 ஆகவும் மற்றது 18 ஆகவும் இருந்தால், போர்டு முதல் இணையின் கணக்கை எடுத்து நான்கின் மீதும் திணித்திருக்கும். தனியே ஓடும்போது தன் கணக்கில் ஓடிய இரண்டாம் இணை, சேர்ந்து ஓடும்போது பிறர் கணக்கில் ஓடித் தடுக்கி விழுகிறது.

செய்ய வேண்டியது: எக்ஸ்எம்பியை இயக்கிவிட்டு வேகத்தை மட்டும் 2933க்கு இறக்குங்கள், முதல் நான்கு டைமிங் எண்களை இரண்டாம் இணையின் எண்களுக்குத் தளர்த்துங்கள், வோல்ட்டேஜை 1.35இலேயே விடுங்கள். மெம்டெஸ்ட் நான்கு சுற்றும் தேறினால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 3200க்கும் 2933க்கும் உள்ள வித்தியாசம் விளையாட்டில் கண்ணுக்குத் தெரியாது. தேறாவிட்டால், அல்லது இந்த எண்களோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாவிட்டால், நான்கையும் விற்றுவிட்டு ஒரே பெட்டியில் வரும் 16 ஜிபி இரண்டை வாங்குங்கள். நானாக இருந்தால் முதல் நாளே இதைத்தான் செய்திருப்பேன். காலி இடத்தைக் கண்டால் நிரப்ப வேண்டும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. இந்தத் தலைமுறைப் போர்டுகளில் அந்த இரண்டு இடங்கள் காலியாகவே இருப்பது நல்லது.

வைகைக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பழைய டப்பாவில் இரண்டாவது கேபிள் இருந்தது, மாட்டினேன். அணைவது நாளுக்கொரு முறை என்பது வாரத்துக்கொரு முறையாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு 750 வாட் எஸ்.எம்.பி.எஸ் வந்தது. பழைய கேபிள்களை எல்லாம் வெட்டி எடுத்தேன். கை அரித்ததால் பழைய 24 முனைக் கேபிளின் பெட்டிப் பக்கத்துத் தலையைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வடிவம் ஒன்றே, ஆனால் மஞ்சள் கம்பி இருக்க வேண்டிய துளையில் கறுப்புக் கம்பி இருந்தது. உங்கள் எச்சரிக்கையைப் படிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே விரும்பவில்லை. அன்றிலிருந்து பவர் லிமிட் 100இல்தான் இருக்கிறது. ஒருமுறை கூட அணையவில்லை.

சிபியு-இசட்டில் பார்த்தபோது பழைய இணை சிஎல் 16, புதிய இணை சிஎல் 18; சில்லுகளைச் செய்தவர்களும் வேறு. 2933இல் 18இன் எண்களோடு வைத்தேன். மெம்டெஸ்ட் இரண்டு இரவுகள் பிழையின்றித் தேறியது. எல்டன் ரிங் மூடவில்லை. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலைச் சுவிட்ச் பின்புறத்தில் தூசிக்குள் ஒளிந்திருந்தது. அது சைன் அலை வகைதானாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது அந்தப் பிளக் பாயின்ட்டில் எர்த் கம்பியையே இணைக்காமல் உள்ளே மடித்து விட்டிருந்தார்கள். இப்போது சுள்ளென்பதும் இல்லை.

கடைசியாக ஒன்று. போர்டுக்கு இன்னும் புதிய பயாஸ் ஒன்று வந்திருக்கிறது. அதையும் போட்டுவிடலாமா? பழைய 2600ஐ அவசரத்துக்கென்று மாற்றாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பதில் 5: சாலிடர்மேசை

எல்லாம் ஓடும்போது பயாஸைத் தொட வேண்டிய அவசரம் இல்லை. போட்டே தீருவதானால், முதலில் அந்தப் பதிப்பின் குறிப்பைப் படியுங்கள். பி450 போர்டுகள் பலவற்றில் பயாஸ் சில்லு 16 எம்பி மட்டுமே. புதிய பிராசசர்களுக்கு இடம் தேடி, சில பதிப்புகளில் பழையவற்றுக்கான ஆதரவை நீக்கியிருக்கிறார்கள். உங்கள் மாற்றுப் பிராசசர் அந்தப் பட்டியலில் இருந்தால் அது வெறும் காட்சிப் பொருளாகிவிடும். 2600 தப்பித்தால், எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டர் பேட்டரி நிரம்பியிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். புதுப்பித்த பிறகு ராம் அமைப்புகள் அழிந்துவிடும் என்பதால், 2933க்கு வைத்துள்ள எண்களை இப்போதே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.